நெய்வேலி மண்ணின் மேடும் பள்ளமும்
1957-இல் சுரங்கப் பணி தொடங்கிய நெய்வேலியில் நிலத்தின் உயரம் நிலைத்திருப்பதில்லை. பழுப்பு நிலக்கரியை மூடியிருக்கும் மண்ணை வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கர எந்திரங்கள் வெட்டியெடுக்க, ஒருபுறம் பள்ளம் ஆழமாகிறது, மறுபுறம் மண்மேடு வளர்கிறது. இப்படிப்பட்ட நிலத்துக்கு வான்வழி லேசர் அளவை மிகப் பொருத்தமானது. விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கில் பாயும் ஒளித்துடிப்புகள் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்பட்டு, ஒவ்வொரு எதிரொளியும் ஓர் உயரப்புள்ளியாகப் பதிவாகிறது. மரத்திலும் எந்திரத்திலும் பட்ட புள்ளிகளைப் பிரித்து நீக்குவதே இதில் கடினமான வேலை. அங்கே சறுக்கினால் வரைபடமே பொய்யாகிவிடும். எஞ்சும் தரைப்புள்ளிகளால் நிலப்பரப்பை உருவாக்கி, ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்தால் சமஉயரக் கோடுகள் கிடைக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது. மழைநீர் எப்பக்கம் வழியும் என்பதையும் அவற்றிலிருந்து அறியலாம்.