குதிரைக்குக் கால் சுடுகிறது!

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடத்தைக் கடக்கிறவர்களுக்குக் குதிரையின் நினைவு வர நியாயமே இல்லை. கார் செய்கிற தொழிற்சாலை, டயர் செய்கிற தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் செய்கிற தொழிற்சாலை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நடுவில் மூச்சு விட்டால் கன்டெய்னர் லாரி. இந்த வட்டாரத்தில் குதிரை என்றால், என்ஜினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்கிறார்களே, அந்தக் குதிரைதான். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் வாகனமாக ஒன்று உண்டு. அதற்குக் கால் வலிக்காது.

ஆனால், வாசகர்களே, இந்தச் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் உயிருள்ள குதிரையே ஒன்று நிற்கிறது. வீட்டுக்காரர் கார்த் தொழிற்சாலையில் என்ஜினீயர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. குதிரைச் சவாரிப் பைத்தியம். வீட்டு அம்மாள் நம்மிடம் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையே பிறந்தது.

"பிரிட்ஜிலே தோசை மாவு வைக்க இடமில்லை. குதிரைக்கு ஐஸ் பூட்ஸ் வாங்கணும் என்கிறாள் என் பெண். செல்போனில் பார்த்தால் நாலைந்து தினுசு இருக்கிறது. எதை வாங்குவது? முதலில், அது நிஜமாகவே வேண்டுமா?"

வேண்டுமா என்பதற்குப் பதில் சொல்ல, அந்தக் குதிரை அவர்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை அது. விற்பவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள், போனார்கள். பற்களைப் பார்த்தார்கள், நடக்க விட்டுப் பார்த்தார்கள். நாலு காலையும் தடவிப் பார்த்தபோது சலவைக்கல் மாதிரி சில்லென்று இருந்ததாம். லாயத்துத் தரை ஈரமாக இருந்தது. கழுவிவிட்டிருக்கிறார்கள், சுத்தமான மனிதர்கள் என்று அம்மாள் மெச்சிக்கொண்டார். பணம் கொடுத்து, லாரி வைத்து அழைத்து வந்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை, குதிரையைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த பெரியவர் முன்னங்காலில் புறங்கையை வைத்தார். அவருடைய தகப்பனார் காஞ்சிபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். வலது கால், இடது கால், மறுபடி வலது, மறுபடி இடது என்று மாற்றி மாற்றித் தொட்டார். "அம்மா, இடது கால் சுடுது. நேத்து ஐஸிலே நிக்க வெச்சுக் காட்டியிருக்காங்க" என்றார். மாட்டு டாக்டரிடம் காட்டி, ஸ்கேனும் எடுத்துப் பார்த்ததில் தசைநாரில் பழைய காயம் இருப்பது தெரிந்தது.

குளிர்ச்சி வைத்தியமும் செய்யும், மூடியும் மறைக்கும். ஐஸ் பூட்ஸ் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

குதிரையின் கால் ஒரு விசித்திரமான சமாசாரம். முன்னங்காலில் முழங்கால் என்று நாம் சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமமானது. அதற்குக் கீழே இருப்பது ஒரே ஒரு விரல், நம் நடுவிரல். குளம்பு அந்த விரலின் நகம். நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ உடம்பு நாலு விரல் நகத்தின் மேல் நிற்கிறது! நாலுகால் பாய்ச்சலில், ஒரு முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்கும்.

முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, தோல், நடுவே கயிறு கயிறாகத் தசைநார்கள். ஊரில் நரம்பு என்று சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொரு அடிக்கும் இவை ரப்பர் போல இழுபட்டுச் சுருங்குகின்றன. ரப்பரை விடாமல் இழுத்து விட்டால் சூடேறுமல்லவா? அதேதான். 1994இல் இங்கிலாந்தில் வில்சன், குட்ஷிப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பாய்ந்தோடும் குதிரையின் தசைநாருக்குள் வெப்பத்தை அளந்தார்கள். 45 டிகிரி வரை போயிற்று. நமக்கு 40 டிகிரி ஜுரம் வந்தாலே வீடு இரண்டுபடுகிறது. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் உள்ளே ஏறிய சூடு சட்டென்று இறங்குவதில்லை. வீட்டுக்காரருக்கு இது உடனே புரிந்துவிட்டது. "அதாவது, ரேடியேட்டர் இல்லாத என்ஜின்!" என்றார்.

அதனால்தான் ஓட்டம் முடிந்ததும் காலைக் குளிர வைக்கிறார்கள். பழைய வழி, குழாயால் தண்ணீர் பீய்ச்சுவது. இன்றைக்கும் அது நல்ல வழியே. ஒரே சங்கடம், நம் ஊர் வெயில். சித்திரை மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்து பாருங்கள். காபிக்கு வெந்நீர் போட வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குதிரைக்குப் பீய்ச்சிவிட்டு, குளிர வைத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. கிணற்று நீராவது, விடியற்காலை நீராவது வேண்டும். அல்லது ஐஸ்.

இனி பூட்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

கடையில் அதிகம் கண்ணில் படுவது, ஜெல் பை வைத்த பட்டை. பையை ஐஸ் பெட்டியில் உறைய வைத்து, காலில் சுற்றி, வெல்க்ரோவை ஒட்டிவிட வேண்டியதுதான். கட்டுவது சுலபம், குதிரையும் மிரளாது. ஆனால் வாங்குமுன் ஒன்று பாருங்கள். உறைந்த பிறகு அந்தப் பை வளைகிறதா? பலகை மாதிரி விறைத்துக்கொண்டால் காலில் அங்கொரு இடம் இங்கொரு இடம்தான் படும். மற்ற இடத்தில் நடுவே காற்றுதான் இருக்கும். சின்னச் சின்ன அறைகளாகத் தைத்தது உத்தமம்.

இன்னொரு தினுசு, முழங்கால் வரை வரும் வாளி போன்ற உயரமான பூட்ஸ். குளம்போடு காலை உள்ளே விட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்து நிரப்புவது. பார்க்க அழகில்லை, கனமும் அதிகம். ஆனால் குளிர வைக்கும் வேலையில் இதற்கு ஈடு கிடையாது. காரணம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. சூடான பால் டம்ளரை ஐஸ் கட்டியின் மேல் வைத்தால் சீக்கிரம் ஆறுமா, ஐஸ் மிதக்கும் தண்ணீருக்குள் வைத்தால் ஆறுமா? தண்ணீர் சந்து பொந்தெல்லாம் புகுந்து தொடும், கட்டி தொடாது. இதில் பூட்ஸைத் தாங்க, முதுகுக்கு மேல் போகும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிரப்பிய கனத்தில் கீழே சரிந்துவிடும்.

குளிர்ந்த நீரை மோட்டார் வைத்துச் சுற்றவிடும் யந்திரமும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு நாம் கௌரவமாகத் திரும்பி வந்துவிடலாம்.

எந்த தினுசானாலும் அளவு முக்கியம். முழங்காலுக்குக் கீழிருந்து கணுவரை நாடா வைத்து அளந்து கொண்டு போங்கள். தையல் மடிப்பு காலின் பின்புறத்தில், தசைநாரின் மேல் அழுந்தக் கூடாது. பட்டை இறுக்கமாகவும் வேண்டாம். ஒரு விரல் நுழைய இடமிருக்கட்டும். ஜெல் பை கட்டுவதாக இருந்தால் முதலில் காலை நனைத்துவிடுங்கள். ரோமம் உலர்ந்திருந்தால் கம்பளி போலக் குளிரைத் தடுக்கும். பைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய ஈரத்துணி ஒன்று இருக்கட்டும். பதினைந்து, இருபது நிமிஷம் போதும். குதிரையைக் கட்டிப் போட்டுவிட்டு நீங்கள் உள்ளே போய்விடக் கூடாது. முதல் இரண்டு நாள் வெறும் பூட்ஸ், பிறகு வெறும் தண்ணீர், அதன் பிறகே ஐஸ் என்று பழக்குங்கள்.

யாராவது உபசாரமாக, "ஐஸில் கொஞ்சம் உப்புப் போடுங்கள், நன்றாகக் குளிரும்" என்று யோசனை சொல்வார்கள். ஜாக்கிரதை! குல்ஃபி பானையில் உப்புப் போடுவது எதற்கு? உறை நிலைக்கும் கீழே, பூஜ்யத்துக்கு அப்பால் இருபது டிகிரி வரை இறக்குவதற்காக. அது பாலுக்குச் சரி. குதிரையின் தோல் வெந்துவிடும். ஐஸும் தண்ணீரும் மட்டும் இருந்தால் பூஜ்யத்தை விட்டு இறங்காது.

குளம்பையும் சேர்த்துக் குளிர வைப்பதற்குத் தனி மகிமை ஒன்று உண்டு. தானியப் பீப்பாயில் தலையை விட்டு வயிறு முட்டத் தின்ற குதிரைக்குக் குளம்பின் உட்சவ்வு அழற்சி காணும். உயிருக்கே ஆபத்தான நோய். (விருந்தாளிகள் ஆசையாக ஊட்டும் வெல்லத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் இத்தருணத்தில் நினைவுபடுத்துகிறேன்.) 2004இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் எப்ஸ், பாலிட் என்ற மருத்துவர்கள் ஆறு குதிரைகளுக்கு இந்நோயை உண்டாக்கி, ஒவ்வொன்றின் ஒரு முன்னங்காலை மட்டும் 48 மணி நேரம் ஐஸ் நீரில் வைத்தார்கள். ஒரே குதிரையில் ஐஸில் நின்ற கால் பெரும்பாலும் தப்பியது, வெளியே நின்ற கால் தப்பவில்லை. படிக்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. ஆனாலும் அதற்குப் பிறகு எத்தனையோ குதிரைகள் அந்த அறிவால் பிழைத்தன. இது டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டிய சிகிச்சை. வீட்டில் நாமாக ஆரம்பிக்கிற காரியமல்ல.

தினமும் பூட்ஸ் கட்டினால் தசைநார் அறவே அறாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தால் சிரித்துவிட்டு வாருங்கள். அப்படி ஒரு நிரூபணம் கிடையாது. சூடு தணியும், புதுக் காயமானால் வீக்கமும் வலியும் குறையும். வலி குறைகிற இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மரத்துப் போன காலோடு குதிரை நன்றாகவே ஓடும். காயம் உள்ளே பெரிதாகும். ஆகவே தொட்டுப் பார்ப்பது முதலில், ஐஸ் பிறகு. ஒரு கால் மற்றதைவிடச் சுட்டால் அன்றைக்குச் சவாரி இல்லை. 1903 முதல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஒரகடத்திலிருந்து அரை நாள் வேலை. குதிரை வாங்கப் போகிறவர்கள் காலையில் ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் மாலையில் ஒரு தடவை போய்த் தொட்டுப் பாருங்கள். லாயத்துத் தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அந்த வீட்டில் கடைசியில் உயரமான பூட்ஸே வாங்கினார்கள். தசைநார்க் காயம் ஆற ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். இப்போது சவாரி கிடையாது. தினம் கொஞ்ச நேரம் கையில் பிடித்து நடத்துகிறார்கள். நடந்து வந்ததும் பெண் புறங்கையால் இரண்டு காலையும் தொட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள். தவறாக எழுதினால், "பாப்பா, இன்னொரு தரம் தொட்டுப் பாரு" என்கிறார் பெரியவர். பிறகு பூட்ஸ், இருபது நிமிஷம். பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் இருப்பது அம்மாள். அந்த நேரத்தில் தொடர்கதையில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடுகிறதாம்.

நான் போயிருந்த அன்று, குதிரையின் காலைத் துணியால் ஒற்றி ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். கொல்லைப்புறக் கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு நடுவே இரண்டு பூட்ஸும் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன.