வாக்கைக் காப்பாற்றும் கணிதம்: ஆக்சுவரி பட்டப்படிப்பில் என்ன இருக்கிறது?

படிவம் 5 கணிதப் பாடநூலில் காப்புறுதிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அதில் ஆயுள் காப்புறுதிக்கான பிரீமிய அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். ஒரே வயதுதான் என்றாலும் புகைப்பவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். தேர்வில் அந்த அட்டவணையைப் பார்க்கிறோம், பெருக்குகிறோம், விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று நின்று கேட்பதில்லை.

அவற்றைக் கணித்துக் கொடுப்பவர்தான் ஆக்சுவரி. அந்த வேலைக்கான பட்டப்படிப்பு யு.பி.யு. விண்ணப்பத்தில் ‘சைன்ஸ் அக்துவாரி’ என்று இருக்கும். “கணக்கு நன்றாக வருகிறதா? ஆக்சுவரி படி, நல்ல சம்பளம்” என்று உறவினர் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சம்பளம் நல்லதுதான். ஆனால், அதை மட்டும் கேட்டுவிட்டு மூன்று, நான்கு ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த வாரம் பார்ப்போம்.

ஒருவரைப் பற்றித் தெரியாது, ஆயிரம் பேரைப் பற்றித் தெரியும்

ஒரு குறிப்பிட்ட மனிதர் எப்போது இறப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஆயிரம் பேரில் ஓராண்டில் ஏறக்குறைய எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணிக்க முடியும். இந்தத் துறை முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

வால்நட்சத்திரத்தால் நீங்கள் பெயர் அறிந்த எட்மண்ட் ஹேலி, 1693இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, ஓர் அட்டவணை தயாரித்தார். அதன்படி ஒரு வயதில் 1,000 பேர் இருந்தால், 20 வயதில் 598 பேர் இருப்பார்கள். 60 வயதில் 242 பேர். அப்படியானால் அந்த ஊரில் 20 வயது இளைஞர் ஒருவர் 60 வயதை எட்டுவதற்கான நிகழ்தகவு 242 வகுத்தல் 598, அதாவது சுமார் 0.40. உங்களுக்குத் தெரிந்த வகுத்தல்தான். இவ்வகை அட்டவணைக்கு ஆயுள் அட்டவணை என்று பெயர்.

இதிலிருந்து பிரீமியம் எப்படிப் பிறக்கிறது? ஓர் எளிய கற்பனைக் கணக்கு. ஒரே வயதுடைய 10,000 பேர் காப்புறுதி எடுக்கிறார்கள். அந்த ஆண்டில் யாராவது இறந்தால் அவர் குடும்பத்துக்கு 100,000 ரிங்கிட். அந்த வயதில் ஆயிரத்துக்கு ஒருவர் இறப்பார் என்று ஆயுள் அட்டவணை சொல்கிறது. எனவே, எதிர்பார்க்கும் இறப்புகள் 10. தேவைப்படும் பணம் 10 இலட்சம் ரிங்கிட். 10,000 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 100 ரிங்கிட். செலவுகளும் இலாபமும் இதன் மேல் சேரும்.

கூட்டம் ஏன் பெரிதாக இருக்க வேண்டும்?

10 பேர் என்பது எதிர்பார்ப்பு. உண்மையில் 7 பேர் இறக்கலாம், 14 பேரும் இறக்கலாம். 14 பேர் என்றால் நிறுவனத்துக்கு 4 இலட்சம் ரிங்கிட் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி உங்கள் படிவம் 4 கணிதத்திலேயே இருக்கிறது. அதுதான் ‘சிசிஹான் பியாவாய்’. படிவம் 5 கூடுதல் கணிதத்தில் வரும் பைனாமியல் சூத்திரத்தைப் போட்டால், மேலே உள்ள கணக்கில் அதன் மதிப்பு சுமார் 3.2. அதாவது எதிர்பார்த்த 10 பேரில் 32 விழுக்காடு.

இப்போது 10,000 பேருக்குப் பதில் 10 இலட்சம் பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் இறப்புகள் 1,000. சிசிஹான் பியாவாய் சுமார் 32. இது 3.2 விழுக்காடுதான். கூட்டம் 100 மடங்கு பெரிதானதும், விகிதத்தில் பார்த்தால் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. காப்புறுதி நிறுவனங்கள் பெருங்கூட்டத்தைத் திரட்டுவதற்குப் பின்னால் இந்தக் கணிதம் இருக்கிறது.

இருபது ஆண்டு கழித்து வரும் பணம்

இரண்டாவது தூண் வட்டி. 20 ஆண்டு கழித்து 100,000 ரிங்கிட் தருவதாக ஒரு நிறுவனம் வாக்குக் கொடுக்கிறது. அதற்காக இன்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? ஆண்டுக்கு 4 விழுக்காடு கூட்டு வட்டி கிடைக்கும் என்றால், 100,000ஐ 1.04இன் 20ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். விடை சுமார் 45,639 ரிங்கிட். வட்டி 2 விழுக்காடுதான் கிடைக்கும் என்றால் 67,297 ரிங்கிட் வேண்டும்.

இரண்டு விழுக்காடு என்பது சிறிய வித்தியாசம் போலத் தெரிகிறது. ஆனால், ஒதுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. ஆக்சுவரியின் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பது இங்கே புரியும். இன்று செய்யும் ஓர் அனுமானத்தின் விளைவு இருபது, முப்பது ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரியும்.

முதல் நிறுவனத்துக்கே நேர்ந்த கதி

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர் இருந்தார். ஒருவரின் வயதுக்கு ஏற்ப ஆயுள் காப்புறுதிப் பிரீமியத்தைக் கணிக்கும் முறையை அவர் வகுத்தார். அவர் மறைந்த பின், அந்த முறையில் 1762இல் ‘ஈக்விடபிள்’ என்ற அமைப்பு தொடங்கியது. காப்புறுதித் துறையில் ‘ஆக்சுவரி’ என்ற பதவிப் பெயரும் அங்கிருந்துதான் பரவியது.

இருபதாம் நூற்றாண்டில் அதே ஈக்விடபிள், ஓய்வுக்காலத்துக்குச் சேமித்த பலருக்கு, பின்னாளில் இந்த விகிதத்தில் ஓய்வூதியம் தருவோம் என்று முன்கூட்டியே உத்தரவாதம் கொடுத்தது. கொடுத்த காலத்தில் வட்டி உயர்வாக இருந்ததால், அது ஆபத்தில்லாத வாக்காகத் தோன்றியது. 1990களில் வட்டி இறங்கியது. மக்களின் ஆயுளும் நீண்டது. நாம் மேலே பார்த்த இரண்டு தூண்களும் ஒரே நேரத்தில் நகர்ந்துவிட்டன. அந்த உத்தரவாதத்துக்குப் போதுமான நிதி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. உத்தரவாதம் பெற்றவர்களின் போனஸைக் குறைத்துச் சமாளிக்க நிறுவனம் முயன்றபோது, அது செல்லாது என்று 2000ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் உச்ச நிலை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதே டிசம்பரில் நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஏராளமானோரின் ஓய்வுக்காலச் சேமிப்பு சுருங்கியது. 2010இல் பிரிட்டன் அரசு, பாதிக்கப்பட்டவர்களுக்காக 150 கோடி பவுண்டு ஒதுக்க வேண்டியதாயிற்று.

இது தொலைதூரக் கதை மட்டுமில்லை. நம் நாட்டில் மருத்துவக் காப்புறுதியின் பிரீமியம் ஏறியதைப் பற்றி வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். சிகிச்சைச் செலவு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறும்போது பழைய கணிப்பு போதாமல் போகிறது. பிரீமிய உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமத்த வேண்டும் என்று பேங்க் நெகாரா 2024 டிசம்பரில் அறிவித்தது. நிறுவனம் வாக்கைக் காப்பாற்றும் நிலையில் இருக்க வேண்டும், குடும்பங்களாலும் கட்ட முடிய வேண்டும். இரண்டையும் வைத்துக் கணக்குப் பார்ப்பவர் ஆக்சுவரி.

பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பார்கள்?

மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், யூதார், புத்ராஜெயாவில் உள்ள ஹெரியட்-வாட் போன்ற இடங்களில் இந்தப் பட்டப்படிப்பு உண்டு. பாடங்களின் வரிசை இடத்துக்கு இடம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

தொடக்கத்தில் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றோடு பொருளாதாரமும் கணக்கியலும் வரும். அடுத்து வட்டிக் கோட்பாடு. பின்னர், நிகழ்தகவையும் வட்டியையும் ஒன்றாகச் சேர்க்கும் ஆயுள் காப்புறுதிக் கணிதம். இந்தப் படிப்பின் இதயம் அதுதான். இறுதி ஆண்டுகளில் விபத்து, வெள்ளம், வாகனம் போன்றவற்றின் இழப்பீட்டுத் தொகைகளைக் கணிக்கும் மாதிரிகள், தொழிற்பயிற்சி. இடையிடையே எக்செல், ஆர், பைத்தன் போன்றவற்றில் கணினி வேலையும் இருக்கும்.

உங்கள் கூடுதல் கணிதம் இதற்கு நேரடி அடித்தளம். வரிசைத் தொடர்கள் வட்டிக் கோட்பாட்டுக்குப் போகும். தொகையீடு நிகழ்தகவுக்குப் போகும். “இதெல்லாம் எதற்கு, சார்?” என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

பட்டம் கிடைத்த பின்தான் பாதிப் பயணம்

பலருக்குத் தெரியாமல் போகும் செய்தி இது. பட்டம் பெற்றவுடன் ஒருவர் முழு ஆக்சுவரி ஆகிவிடுவதில்லை. அமெரிக்காவின் எஸ்.ஓ.ஏ. அல்லது பிரிட்டனின் ஐ.எஃப்.ஓ.ஏ. என்ற தொழில்முறை அமைப்பின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி முடிக்க வேண்டும். எஸ்.ஓ.ஏ.வின் ‘பி’ தேர்வு நிகழ்தகவு பற்றியது. 3 மணி நேரத்தில் 30 கேள்விகள். இதைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே எழுதலாம். மற்ற தேர்வுகளைப் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே, இரவிலும் வார இறுதியிலும் படித்து எழுதுகிறார்கள். தோல்வி சகஜம். முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த வேண்டும். தேர்வுக் கட்டணத்தையும் படிப்பு விடுப்பையும் கொடுக்கும் முதலாளிகள் உண்டு. சில பல்கலைக்கழகங்களின் பாடங்களில் நல்ல மதிப்பெண் பெற்றால் சில தேர்வுகளிலிருந்து விலக்கும் கிடைக்கும். எனவே, இடம் தேடும்போது “எந்தத் தேர்வுகளுக்கு விலக்கு உண்டு?” என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

மனக்கணக்கில் வேகம் இருக்கிறதா என்பது முக்கியமில்லை, அதற்குக் கணினி இருக்கிறது. “இந்த எண் எந்த அனுமானத்தில் வந்தது? அந்த அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும்?” என்று கேட்கும் குணம் வேண்டும். விடையைக் கணிதம் படிக்காத மேலாளருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு தேர்வில் தோற்றால் மறுபடியும் உட்கார்ந்து படிக்கும் பொறுமை வேண்டும்.

கணிதம் பிடிக்கும், ஆனால் நீண்ட தேர்வுப் பாதை வேண்டாம் என்றால் புள்ளியியல், தரவு அறிவியல், கணிதம் என்று வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. ஆக்சுவரி பட்டம் பெற்று, தேர்வுகளை முடிக்காமல் வங்கிகளின் இடர் மேலாண்மைப் பிரிவுக்கோ தரவு ஆய்வுக்கோ போகிறவர்களும் உண்டு. அவர்கள் படித்தது வீணாவதில்லை. இப்போதைக்குக் கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ-லெவல் என்று எந்த வழியில் போனாலும் கணிதத்தில் வலுவான தேர்ச்சி கேட்பார்கள்.

செய்து பாருங்கள்

ஹேலியின் அட்டவணையில் 20 வயதில் 598 பேர், 21 வயதில் 592 பேர். 60 வயதில் 242 பேர், 61 வயதில் 232 பேர். ஓராண்டுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 100 பவுண்டு என்று ஒரு காப்புறுதி.

1. 20 வயதுக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும்? 60 வயதுக்காரர் எவ்வளவு?

2. இழப்பீடு ஆண்டு இறுதியில்தான் கொடுக்கப்படும், அதுவரை பணத்துக்கு 6 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்றால் விடைகள் எப்படி மாறும்?

விடைகள்: முதல் கேள்விக்கு 1.00 பவுண்டு, 4.13 பவுண்டு. இரண்டாவதற்கு 0.95 பவுண்டு, 3.90 பவுண்டு. உங்கள் விடை ஒத்துவந்தால், 60 வயதுக்காரர் ஏன் நான்கு மடங்கு கட்டுகிறார் என்பதை ஒரு துளி கணிதச் சொல்கூடப் பயன்படுத்தாமல் வீட்டில் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். அது ஆக்சுவரி வேலையின் மற்றொரு பாதி.