டிராக்டரில் பூட்டியவை பாலிசியில் இருக்கின்றனவா?

ஷோரூமிலிருந்து வந்த டிராக்டர் அப்படியே வயலில் இறங்குவது அரிது. பூஜை போட்ட அடுத்த வாரமே பட்டறைக்குப் போகிறது. மேற்கூரை, முன் பம்பர், கூடுதல் விளக்குகள், பாட்டுப் பெட்டி, டெல்டாவாக இருந்தால் கேஜ் வீல், பிறகு டிரெய்லர். சிலர் முன்பக்கம் லோடரும் பொருத்துகிறார்கள். எல்லாம் சேர்ந்தால் லட்சங்களில் நிற்கும். ஆனால் பாலிசியை எடுத்துப் பார்த்தால், வாங்கிய நாளில் டீலர் எழுதிக் கொடுத்த வெறும் டிராக்டர் மட்டுமே அதில் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பயிர், உரம், களை பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு விபத்து வழக்கில் போகும் பணத்தை எந்த மகசூலும் ஈடு செய்யாது என்பதால் இந்த வாரம் பாலிசிக் காகிதம்.

டிராக்டர் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதத்துக்கானது. பொது இடத்தில் ஓட்டும் வண்டிக்கு இது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். மற்றது, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கானது. விருப்பம் இருந்தால் எடுக்கலாம். கூடுதலாகப் பொருத்தியவற்றைச் சொல்லாமல் விட்டால் இரண்டிலுமே இடிக்கும்.

முதலில் சொந்தச் சேதம். வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனத்தின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடுகிறார்கள். வயது ஓராண்டைத் தாண்டி இரண்டு ஆண்டுக்குள் என்றால் 20 சதவீதம், மூன்று ஆண்டுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்கு மேல் பேசி முடிவு செய்வது. பட்டறையில் போட்ட மேற்கூரையும் பம்பரும் அந்தப் பட்டியல் விலையில் கிடையாது. நாம் சொன்னால்தான் அவற்றின் விலை தனியாகச் சேரும். 40,000 ரூபாய்க்குச் செய்த கூரையும் பம்பரும் மூன்றாம் ஆண்டில் 28,000 ரூபாயாகப் பாலிசியில் நிற்கும். சொல்லாமல் விட்டால், வண்டி கவிழ்ந்து அவை நசுங்கும்போது சர்வேயர் அவற்றைக் கணக்கில் எடுக்கமாட்டார். அவர் கையில் இருப்பது பாலிசி. அதில் இல்லாததை அவர் எழுத முடியாது.

விளக்கு, பாட்டுப் பெட்டி போன்ற மின்சாதனங்களுக்குப் பழைய மோட்டார் கட்டண விதி, பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்றது. 15,000 ரூபாய்ப் பொருளுக்கு 600 ரூபாய். சொந்தச் சேதக் கட்டணத்தை 2007 முதல் நிறுவனங்களே முடிவு செய்வதால் இன்று தொகை முன்பின் இருக்கலாம். ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்குப் போகாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வணிக வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், துணைச் சாதனம் மட்டும் திருடு போனால் இழப்பீடு இல்லை. வண்டியும் சேர்ந்து போயிருக்க வேண்டும். களத்தில் நிறுத்திய டிராக்டரிலிருந்து பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவன் இந்த விதியைப் படித்திருப்பானோ என்னவோ!

ரோட்டவேட்டர், கலப்பை போன்றவை பின்னால் பூட்டி இழுப்பவை என்பதால் டிராக்டரோடு சேர்ந்தவை என்று பலர் நம்புகிறார்கள். பாலிசியில் பெயரும் மதிப்பும் எழுதப்படாவிட்டால் அவை சேர்ந்தவை அல்ல.

டிரெய்லர்தான் பெரிய சிக்கல்

சட்டத்தின் பார்வையில் டிராக்டர் தானே சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல. டிரெய்லர் என்பது தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பாலிசியிலும் அது தனியாக ஏற வேண்டும். நம் ஊர்களில் நடப்பது வேறு. டிராக்டருக்குப் பாலிசி இருக்கும். டிரெய்லர் எண் அதில் இருக்காது. நடவுக்கும் அறுப்புக்கும் இருபது பேர் அதில் ஏறிப் போவார்கள்.

2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிய டிராலியில் இருந்த கூலித் தொழிலாளி விபத்தில் சிக்கினார். டிராக்டருக்கு விவசாயப் பயன்பாட்டுக்கான காப்பீடு இருந்தது, டிராலிக்கு இல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் ஏழை என்பதால் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. இந்தக் கடைசி வரியை உரிமையாளராக நின்று படியுங்கள். காயம்பட்டவருக்குப் பணம் கிடைத்துவிட்டது, நல்லது. ஆனால் அந்தப் பணம் திரும்ப வசூலாகப் போவது உரிமையாளரிடமிருந்து, அதாவது நிலத்திலிருந்து.

அந்த வழக்கில் இரண்டு ஓட்டைகள்: டிராலி பாலிசியில் இல்லை; வேலையும் விவசாயம் அல்ல. டிரெய்லரைச் சேர்த்துவிட்டால் முதல் ஓட்டை அடைபடும். இரண்டாவது அடைபடாது. வாடகைக்கு மண், மணல், செங்கல் அடிப்பதாக இருந்தால் அதற்கேற்ற பயன்பாட்டைச் சொல்லிப் பாலிசி எடுக்க வேண்டும். டிரெய்லரைச் சேர்த்ததாலேயே அதில் ஆட்களை ஏற்றிச் செல்லலாம் என்றும் ஆகிவிடாது. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. மட்கார்டில் உட்கார்ந்து வருபவருக்கும் பாலிசியில் இடமில்லை. வேலைக்கு வைத்திருக்கும் ஓட்டுநருக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், செலவு சொற்பம்.

லோடர் பொருத்தியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மண் அள்ளும் இயந்திரங்களுக்கு, வேலை செய்துகொண்டிருக்கும்போது கவிழ்ந்தால் ஏற்படும் சேதத்தைப் பாலிசி விலக்கிவைப்பது உண்டு. உங்கள் டிராக்டரையும் அந்த வகையில் வைத்துப் பார்க்கிறார்களா, கவிழ்வதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு பக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் செய்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. விளக்கு, கூரை பொருத்துவது வேறு. சேஸிஸை வெட்டி ஒட்டுவது, வேறு இன்ஜின் வைப்பது வேறு. பின்னதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொன்னாலும், ஆர்.சி.யில் ஏறாதவரை அது பயன் தராது.

என்ன செய்ய வேண்டும் என்பது எளிது. பொருத்திய பொருள்களின் பில், வண்டியின் நான்கு பக்கப் படம், டிரெய்லரின் ஆர்.சி. நகல் ஆகியவற்றோடு கிளை அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. அவர்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு எண்டார்ஸ்மென்ட் என்ற இணைப்புத் தாளைத் தருவார்கள். பாலிசி நடுவில் இருந்தாலும் தருவார்கள். அது கைக்கு வந்தபின் எண்களைச் சரிபாருங்கள். பட்டறையில் பில் தருவதில்லை என்றால், வேலை கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். புதுப்பிக்கும்போது பழைய விவரம் தானாக வரும் என்று நம்பாதீர்கள், குறிப்பாக நிறுவனத்தை மாற்றும்போது.

ஏற்கெனவே விபத்து நடந்து இழப்பீடு மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. நிபந்தனை மீறல் அடிப்படையானதாக இல்லாதபோது முழுக்க மறுக்காமல் ஒரு பகுதியையாவது தரலாம் என்பதை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.