விசிறிச் சிப்பி உண்ணலாமா?

சென்ற திங்கள் நம் விடுதித் தோழர் ஒருவருக்கு வேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் எங்கள் நால்வரையும் பெங்களூரின் பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். பட்டியலில் 'ஸ்காலப்' என்று ஒரு பெயர். விலையோ எங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு! வட்ட வட்டமாக வெண்ணிறத் துண்டுகள் தட்டில் வந்தன.

"நீதான் விலங்கியல் படிக்கிறாயே, இது என்ன? கடலை அழித்துத்தான் இதை எடுக்கிறார்களாமே, தின்னலாமா?" என்று தோழர் கேட்டார்.

நான் தூத்துக்குடியில் பிறந்தவன், முதுகலை மாணவன். ஆயினும் விடை கூற வாய் எழவில்லை. அன்று பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

'ஷெல்' பெட்ரோல் நிலையங்களில் மஞ்சள் நிறச் சிப்பிச் சின்னத்தைக் கண்டிருப்பீர்கள். அது இந்தச் சிப்பியின் உருவமே. விசிறிபோல் விரிந்திருப்பதால் 'விசிறிச் சிப்பி' என்றே இங்கு அழைப்போம். முத்துச் சிப்பி பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. விசிறிச் சிப்பிகளில் பெரும்பாலானவையோ நீந்த வல்லவை! ஓடுகள் இரண்டையும் சட்டென்று மூடும்போது உள்ளிருக்கும் நீர் பீறிட்டு வெளியேறுகிறது. சிப்பி எதிர்த்திசையில் பாய்கிறது. ஓடுகளை மூடும் அந்தத் தசையே எங்கள் தட்டில் வந்த வெண்துண்டு. ஓட்டின் விளிம்பில் சிறு மணிகளைக் கோத்தாற்போல் கண்கள் உள்ளன; சில இனங்களில் 200 வரை காணலாம். ஒவ்வொரு கண்ணின் பின்புறத்திலும் நுண்ணிய படிகங்களாலான குழியாடி ஒன்று இருக்கிறது. அதன் அமைப்பை 2017-ஆம் ஆண்டில் அறிவியலார் விரிவாக விளக்கினர்.

இச்சிப்பி கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்கிறது. அதனால் பிற உயிர்களுக்குத் தீங்கில்லை. அப்படியானால் கேடு எங்கே? நாம் அதை எடுக்கும் முறையில்தான்.

கனத்த இரும்புச் சட்டம் ஒன்று. அதன் பின்னே இரும்பு வளையங்களால் பின்னிய பை. பல இடங்களில் சட்டத்தின் அடியில் பற்களும் உண்டு. இந்த வாரியைக் கப்பல் கடலடியில் இழுத்துச் செல்லும். சிப்பியோடு நட்சத்திர மீன், நண்டு, கடற்பஞ்சு யாவும் நசுங்கும் அல்லது பையில் ஏறும். அலைகள் புரட்டும் மணல்தரை ஓரளவு விரைவில் தேறிவிடும். பவளமும் கடற்பஞ்சும் செழித்த தரையோ தேறப் பல்லாண்டுகள் ஆகும்.

இன்னொரு கேடும் உண்டு. இவை முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுகின்றன. சிப்பிகள் நெருங்கி வாழ்ந்தால்தான் கரு உண்டாகும். அளவு கடந்து வாரிய இடத்தில் எஞ்சிய சில சிப்பிகள் தொலைவாகப் பிரிந்து கிடப்பதால் இனம் பெருகுவது அரிதாகிறது.

ஆனால் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஜார்ஜஸ் பாங்க் என்னும் கடல்மேடு இருக்கிறது. மீன்வளம் குன்றியதால் 1994 டிசம்பரில் அதன் பெரும் பகுதிகளை மூடினர். காட் முதலிய மீன்களைக் காப்பதே நோக்கம். ஆயினும் வாரியும் அங்கே தடுக்கப்பட்டது. 1998-இல் அளந்து பார்த்தபோது, மூடிய பகுதிகளில் சிப்பிகளின் மொத்த எடை 1994-இல் இருந்ததைப்போல் 14 மடங்காகியிருந்தது! பின்னர் முறை வைத்துச் சில பகுதிகளைத் திறந்தும் மூடியும் வந்தனர். சிறு சிப்பிகள் நழுவிவிடும்படி வளையங்களை 4 அங்குலமாக்கினர். வாரி அதே வாரிதான். கட்டுப்பாடு வந்ததும் பயன் மாறியது. மீனவர் பிழைப்பும் கெடவில்லை, வளர்ந்தது.

வாரி இல்லாமலும் எடுக்கலாம். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் மூழ்குவோர் கையால் பொறுக்கி எடுக்கின்றனர். எங்கள் ஊரில் சங்கு குளிப்பவர் செய்வதும் இதுவே. கண்ணால் கண்டு, பெரியதை எடுத்து, சிறியதை விட்டுவிடலாம். ஜப்பானின் முட்சு வளைகுடாவிலோ, மிதந்து வரும் இளஞ்சிப்பிகளை வலைப்பைகளில் பிடித்து, கூடைகளில் இட்டு, கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கின்றனர். இரை போட வேண்டியதில்லை. கடலடியை உழ வேண்டியதுமில்லை.

ஆகவே தோழரின் கேள்விக்கு என் விடை இது: உண்ணலாம், ஆனால் கேட்டுவிட்டு உண்ண வேண்டும். எந்தக் கடலில் எடுத்தது? வாரியா, கையா, கயிற்று வளர்ப்பா? அங்கே மூடும் காலமும் குறைந்த அளவும் விதித்திருக்கிறார்களா? பொட்டலத்தில் நாட்டின் பெயரும் எடுத்த முறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்.எஸ்.சி. என்னும் நீல நிற மீன் முத்திரை இருந்தால், அந்த மீன்பிடிப்பை வெளியார் ஆராய்ந்து சான்றளித்திருக்கின்றனர் என்று பொருள். 'ஸ்காலப்' என்ற வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது போதாது.

சென்ற வாரம் அதே உணவகத்திற்கு மீண்டும் போனோம். "ஐயா, இது எங்கிருந்து வருகிறது?" என்று பரிமாறுபவரைக் கேட்டேன். அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறது, சார்" என்றார். நால்வரும் சிரித்துவிட்டோம். அன்று விசிறிச் சிப்பியை விட்டுவிட்டு, காசர்கோட்டுக் கழிமுகத்தில் கயிற்றில் வளர்த்த கல்லுமக்காயைக் கேட்டு வாங்கி உண்டோம். விலை பாதிகூட இல்லை.

நாம் நால்வர் கேட்டதால் கடல் திருந்திவிடுமா என்று எண்ணாதீர்கள். அந்தப் பரிமாறுபவர் அன்று முதன்முறையாக உள்ளே போய் விசாரித்தார். நாளை நீங்களும் கேட்டால், விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டே வருவார்.