நீரிழிவும் எலும்பு நலனும்: பொழிச்சலூர் முதலான தென்சென்னைப் புறநகர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் எலும்பு அடர்த்தி இயல்பாகவோ இயல்பைவிட மிகுந்தோ காணப்படுகிறது. ஆயினும் அவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். இம்முரணுக்கான காரணங்களை மருத்துவ ஆய்வு முடிவுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையில் நிகழ்ந்த நீரிழிவு ஆய்வுகள் பொழிச்சலூர் போன்ற புறநகர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும், தொடக்கநிலை மருத்துவத்தில் எலும்பு நலனையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியதன் தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இரண்டாம் வகை நீரிழிவு, எலும்பு அடர்த்தி, எலும்புப்புரை, நாளமில்லாச் சுரப்பிகள், வைட்டமின் டி, புறநகர்

முன்னுரை

நீரிழிவு என்றவுடன் கண், சிறுநீரகம், பாதம், இதயம் ஆகியவற்றுக்கு நேரும் கேடுகளே நினைவுக்கு வருகின்றன. அந்தப் பட்டியலில் எலும்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எலும்பு தேய்வது வலியோ வேறு அறிகுறியோ இன்றி நிகழ்வதே இதற்குக் காரணம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டுப் பகுதி முறிந்த பின்னரே அது வெளிப்படுகிறது. முதுமையில் நேரும் இத்தகைய முறிவு பலரை நிலையாகப் படுக்கையில் தள்ளிவிடுகிறது. சிலருக்கு உயிரிழப்புக்கும் காரணமாகிறது. ஆதலால் முறிவுக்கு முன்பே இடரை அறிவது இன்றியமையாதது.

சென்னை ஆய்வுகளும் புறநகரும்

நீரிழிவின் பரவல் குறித்து இந்தியாவில் மிகுதியாக ஆராயப்பட்ட நகரங்களுள் சென்னை ஒன்று. மருத்துவர் வி. மோகன் தலைமையில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001-இல் தொடங்கிய நகர்ப்புற, ஊரகக் கொள்ளைநோயியல் ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அப்போதைய மாநகராட்சியின் 155 வட்டங்களுள் 46 வட்டங்களிலிருந்து 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். 1989-இல் 8.3 சதவீதமாக இருந்த சென்னையின் நீரிழிவுப் பரவல், 2003-04-இல் 14.3 சதவீதமாக உயர்ந்திருந்ததை இவ்வாய்வு காட்டியது.

பொழிச்சலூர் இம்மாதிரியில் இடம்பெறவில்லை. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் ஆகியவற்றை அடுத்து, விமான நிலையத்திற்கு அருகே அமைந்த இவ்வூர் அன்றைய மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோதும் அதில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. நிருவாக வகைப்பாட்டில் கிராமமாகவும் வாழ்க்கை முறையில் நகரமாகவும் விளங்கும் இத்தகைய ஊர்களின் நிலையை நகரப் புள்ளிவிவரமோ ஊரகப் புள்ளிவிவரமோ தனித்து முழுமையாகக் காட்டுவதில்லை.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது, மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வாகும். அதில் சென்னை மாநகரில் 18.6 சதவீதம், காஞ்சிபுரம் நகரில் 16.4 சதவீதம், பண்ருட்டியைச் சார்ந்த கிராமங்களில் 9.2 சதவீதம் என நீரிழிவுப் பரவல் பதிவாயிற்று. சிறுநகரின் அளவு மாநகரின் அளவை நெருங்கியிருப்பது இங்குக் கருதத்தக்கது. மாநகரின் உணவுமுறை, பணிமுறை, போக்குவரத்து ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் பொழிச்சலூர், கிராம அளவைவிட நகர அளவுக்கே நெருங்கியிருக்கும் என உய்த்துணரலாம்.

அடர்த்தியும் வலிமையும்

எலும்பு, வாழ்நாள் முழுவதும் அழிந்து புதுப்பிக்கப்படும் திசுவாகும். எலும்பழிப்புச் செல்கள் பழைய பகுதியைக் கரைக்க, எலும்பாக்கச் செல்கள் அவ்விடத்தைப் புதிதாக நிரப்புகின்றன. அழிப்பு மிகுந்து ஆக்கம் குறையும்போது எலும்புப்புரை தோன்றுகிறது. இதனை அளக்க டெக்ஸா எனப்படும் குறைந்த கதிர்வீச்சுடைய ஊடுகதிர்ச் சோதனை பயன்படுகிறது. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து ஒருவரின் அடர்த்தி எத்தனை திட்ட விலக்கம் குறைந்துள்ளது என்பதே அதன் மதிப்பெண். அது -2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் எலும்புப்புரை என உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

நீரிழிவில் இவ்வளவுகோல் தடுமாறுகிறது. 2007-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, இடுப்பு மூட்டுப் பகுதி முறியும் வாய்ப்பு இரண்டாம் வகை நீரிழிவில் ஏறத்தாழ 1.7 மடங்கும், முதல் வகையில் ஏறத்தாழ 6 மடங்கும் உயர்கிறது. முதல் வகையில் அடர்த்தியும் குறைந்தே காணப்படுவதால் அதன் இடரை ஓரளவு முன்னறியலாம். இரண்டாம் வகையிலோ அடர்த்தி நன்றாகவே தெரிகிறது. 2011-இல் அமெரிக்க முதியோரிடம் நிகழ்த்திய மூன்று தொடராய்வுகளின் முடிவுகள் ஒருங்கே ஆராயப்பட்டன. ஒரே அளவு முறிவு இடர் கொண்டவர்களை ஒப்பிட்டபோது, நீரிழிவுள்ள பெண்களின் மதிப்பெண் மற்றப் பெண்களினுடையதைவிட 0.59 அளவும், ஆண்களிடையே 0.38 அளவும் உயர்ந்திருந்தது. அதாவது, -2.0 மதிப்பெண் பெற்ற நீரிழிவுள்ள மூதாட்டியின் இடர், நீரிழிவில்லாத ஒருவரின் -2.6 மதிப்பெண்ணுக்கு நிகரானது. முன்னவருக்கு எலும்புப்புரை இல்லை என்றே சோதனை அறிக்கை கூறும்.

முரணின் காரணங்கள்

எலும்பின் வலிமை கனிமத்தின் அளவை மட்டும் பொறுத்ததன்று. கொலாஜன் என்னும் புரத இழைகளே எலும்புக்கு நெகிழ்ச்சி தருகின்றன. நீடித்த மிகைச் சர்க்கரை இவ்விழைகளுடன் இணைந்து, அவற்றிடையே இயல்பற்ற பிணைப்புகளை உண்டாக்குகிறது. அதனால் எலும்பு கனமாக இருந்தும் எளிதில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. எலும்பைப் புதுப்பிக்கும் பணியும் நீரிழிவில் மந்தமாவதால், நுண்ணிய விரிசல்கள் சரிசெய்யப்படாமல் தங்கிவிடுகின்றன. இம்மாற்றங்கள் அடர்த்திச் சோதனையில் புலப்படுவதில்லை.

விழும் வாய்ப்பு மிகுவது அடுத்த காரணமாகும். மேற்குறித்த சென்னை ஆய்வில் நீரிழிவாளருள் 17.6 சதவீதத்தினரிடம் விழித்திரைப் பாதிப்பும், 26.1 சதவீதத்தினரிடம் நரம்புப் பாதிப்பும் கண்டறியப்பட்டன. பார்வை மங்கியும் பாதம் மரத்தும் உள்ளவர் மேடுபள்ளமான தெருவில் நிலைதடுமாறுவது எளிது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்வதும் விழுதலுக்கு வழிவகுக்கிறது.

மருந்துத் தேர்வுக்கும் இதில் பங்குண்டு. ரோசிகிளிட்டசோன் உட்கொண்ட பெண்களிடம் எலும்பு முறிவு மிகுந்ததை 2006-இல் வெளியான அடாப்ட் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த பயோகிளிட்டசோன் இந்தியாவில் இன்றும் வழங்கப்படுகிறது. முறிவு இடர் மிகுந்த மூத்த பெண்களுக்கு மாற்று மருந்தைக் கருதுவது மருத்துவரின் பொறுப்பு. நோயாளர் தாமாகவே மருந்தை நிறுத்துவது தீங்காகும்.

பிற சுரப்பிகளின் பங்கு

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பழிப்பு விரைவடைகிறது. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதுவே நிகழும். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நிகழ்த்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வயதுவந்தோருள் 10.95 சதவீதத்தினரிடம் தைராய்டு குறைவு காணப்பட்டது. குறைவுக்குத் தரப்படும் தைராக்சின் மாத்திரை தேவைக்கு மேற்பட்டு நீண்டநாள் தொடர்ந்தால், மிகைச் சுரப்பின் விளைவை அதுவே உண்டாக்கும். நீரிழிவு, தைராய்டு குறைவு, மாதவிடாய் நிறைவு ஆகிய மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருப்பது அரிதன்று. ஆகவே குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்து அளவைச் சீரமைப்பது எலும்பைக் காக்கும் செயலுமாகும்.

வைட்டமின் டி குறித்துத் தெளிவு தேவை. பொழிச்சலூரின் அட்சரேகையை ஒட்டியே அமைந்த திருப்பதியில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நிகழ்த்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், போதிய அளவு வைட்டமின் டி உடையோர் 18 சதவீதத்தினரே. ஆகவே வெயில் மிகுந்த நாடு என்பதால் மட்டும் குறைபாடு நீங்கிவிடுவதில்லை. இப்பகுதியில் தோல் இவ்வைட்டமினைச் சிறப்பாக உருவாக்குவது முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான். அதிகாலை நடையின் இளவெயில் உடற்பயிற்சிக்கு உதவினும் இதற்குப் போதாது. அதே வேளையில், வைட்டமின் டி மாத்திரை நீரிழிவைத் தடுக்கும் என்னும் நம்பிக்கைக்கு வலுவான சான்று கிட்டவில்லை. 2,423 பேரிடம் நிகழ்த்தி 2019-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு, அதனால் குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. குறைபாடு உள்ளவருக்கு அதனை ஈடுசெய்வதே முறை.

தொடக்கநிலை மருத்துவத்தில் செய்யத்தக்கவை

முறிவு இடரைக் கணிக்க 2008-இல் உருவாக்கப்பட்ட ஃபிராக்ஸ் கணிப்பானில் இரண்டாம் வகை நீரிழிவுக்குத் தனி இடமில்லை. அதனால் முடக்குவாதத்திற்குரிய கட்டத்தைக் குறித்துக் கணிப்பதும், அடர்த்தி மதிப்பெண்ணில் 0.5 கழித்துக் கொள்வதும் மாற்றுவழிகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. எனினும் எந்தக் கருவியுமின்றிக் கேட்கத்தக்க வினாக்களும் உள்ளன. ஐம்பது வயதுக்குப்பின் சிறு விழுதலில் எலும்பு முறிந்ததா? கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா? உயரம் குறைந்துள்ளதா? சர்க்கரை அடிக்கடி தாழ்கிறதா? ஸ்டீராய்டு மருந்து நீண்டநாள் எடுத்ததுண்டா?

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன; இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடங்கும். மருந்து தரச் செல்லும் பணியாளர் இவ்வைந்து வினாக்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், சோதனைக்கு அனுப்ப வேண்டியவர் யார் என்பது தெளிவாகும். வழுக்கும் தரை, வெளிச்சமற்ற படிக்கட்டு, கைப்பிடி இல்லாத கழிவறை ஆகியவை அவரது பார்வைக்கு நேரில் படுவதும் கூடுதல் நன்மையாகும்.

முடிவுரை

நீரிழிவுள்ளவரின் எலும்பு அடர்த்தி இயல்பு என்னும் அறிக்கை, அவருடைய எலும்பு வலிமையானது என்பதற்கு உறுதியாகாது. சர்க்கரையின் கட்டுப்பாடு, விழுதலைத் தவிர்த்தல், பிற சுரப்பிகளின் நிலை, மருந்துத் தேர்வு ஆகிய நான்கையும் இணைத்தே முறிவு இடரை மதிப்பிட வேண்டும். நகரத்திலும் கிராமத்திலும் முழுமையாக அடங்காத பொழிச்சலூர் போன்ற புறநகர்களைத் தனி மாதிரியாகக் கொண்டு, நீரிழிவையும் எலும்பு முறிவையும் ஒருங்கே ஆராய்வது எதிர்கால ஆய்வாளர்களின் கடமையாகும். அதுவரை, சர்க்கரை அளவைக் கேட்கும் இடத்திலேயே “அண்மையில் விழுந்தீர்களா?” என்றும் கேட்பது, செலவின்றி இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.