மணலின் துகளளவுப் பரவலும் கட்டுமானச் சாந்தும்

துகளளவுப் பரவல் என்பது ஒரு மணலில் பருமனான, நடுத்தரமான, நுண்ணிய துகள்கள் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதைக் குறிக்கும். சிமெண்ட் விகிதம் மாறாவிட்டாலும், மணலின் பரவல் மாறினால் சாந்தின் வலிமையும் விறைப்பும் மாறும்.

வலிமை

பல அளவுத் துகள்கள் கலந்த மணலில், பெரிய துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைச் சிறியவை நிரப்புகின்றன. எஞ்சிய இடைவெளியை நிரப்பக் குறைந்த சிமெண்ட் பசையே போதும். நுண்துகள்கள் மிகுந்தால் மொத்தப் பரப்பளவு கூடுகிறது. சாந்தை இளக்கக் கூடுதல் நீர் தேவைப்படுகிறது. நீர்-சிமெண்ட் விகிதம் உயர்வதால் அமுக்க வலிமை குறைகிறது; உலரும்போது சுருக்கமும் விரிசலும் கூடுகின்றன. மணல் மிகவும் பருமனாக இருந்தால் சாந்து கரடாகி, செங்கல்லுடன் சரியாகப் பற்றாது.

விறைப்பு

மணல் துகள்கள் சிமெண்ட் பசையைவிட விறைப்பானவை. அவை நெருக்கமாக அமையும்போது சாந்தின் மீள்மைக் குணகம் உயர்கிறது. ஆயினும் சாந்து செங்கல்லைவிட மிக விறைப்பாக இருப்பது நல்லதன்று. சுவரின் சிறு அசைவுகளால் செங்கல்லே பிளக்கக்கூடும்.

தர வரம்புகள்

கட்டுச்சாந்து மணலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2116. இதன்படி இயற்கை மணல் முழுவதும் 4.75 மி.மீ. சல்லடையிலும், 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் 2.36 மி.மீ. சல்லடையிலும் செல்ல வேண்டும். 150 மைக்ரான் சல்லடையில் செல்வது 15 விழுக்காட்டை மீறக்கூடாது.

சென்னைப் புறநகரில்

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த சிட்லபாக்கம் போன்ற பகுதிகளில், ஆற்று மணலுக்கு மாற்றாக, கருங்கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் பரவலாகப் பயன்படுகிறது. ஆற்று மணலின் துகள்கள் நீரோட்டத்தில் தேய்ந்து மழுங்கியவை. எம்-சாண்ட் துகள்கள் கோணமுடையவை. எனவே ஒரே இளக்கத்துக்கு எம்-சாண்டுக்குக் கூடுதல் நீர் தேவைப்படலாம். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் இதைவிட நுண்ணியது. சலிக்காத, கழுவாத கிரஷர் தூள் எம்-சாண்டுக்கு ஈடாகாது. அதிலுள்ள மிகுதியான நுண்தூள் நீர்த்தேவையைப் பெருக்கும்.

இத்தகைய மணலில் சாந்து இறுகலாகத் தோன்றும்போது கொத்தனார் நீரைக் கூட்டினால் வலிமை குறையும். ஈடுசெய்ய சிமெண்டைக் கூட்டினால் சுருக்கம் அதிகரிக்கும். ஆகவே, உலர்ந்த மணலைச் சல்லடைத் தொகுதியில் சலித்து, ஒவ்வொரு சல்லடையிலும் தங்குவதை எடைபோட்டுப் பார்த்த பின் கலவை விகிதத்தை முடிவுசெய்வதே சரியான முறை.