சக்கரத்தின் அளவும் வேகமானியின் கணக்கும்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது முன்னோர் வாக்கு. வாகனம் ஓட்டும்போது நாம் ஐயமின்றி நம்பும் வேகமானிக்கும் இவ்வாக்குப் பொருந்தும்.

வேகமானி வீதியைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியையே எண்ணுகின்றது. ஒரு சுற்றுக்கு இத்தனை மீற்றர் எனத் தொழிற்சாலையில் வகுத்த கணக்கைக்கொண்டு வேகத்தைக் காட்டுகின்றது. நாம் ரயரின் அளவை மாற்றினால் அக்கணக்குப் பிழைத்துவிடும். வேகமானியோ அதனை அறியாது.

ரயரின் பக்கத்தில் 175/65 ஆர் 14 எனப் பொறித்திருப்பின், 175 என்பது மில்லிமீற்றரில் அதன் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 14 என்பது அங்குலத்தில் உள்வளையத்தின் விட்டம். இந்த ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் செல்ல இது 546 முறை சுழலும். இதனைக் கழற்றிவிட்டு 185/65 ஆர் 15 பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 622 மில்லிமீற்றராகும். 512 சுழற்சிகளே போதும். வேறுபாடு 6.6 வீதம்.

லா சப்பல் வாயிலில் பெரிபெரிக் சாலையில் ஏறுகின்றோம் எனக் கொள்வோம். 2024 ஒக்டோபர் முதல் அங்கே வேக எல்லை 50 கிலோமீற்றர். முன்னர் துல்லியமாகக் காட்டிய வேகமானி 50 என்னும்போது நாம் 53இல் செல்வோம். ஏ1 நெடுஞ்சாலையில் அது 130 என்னும்போது உண்மை வேகம் 138ஐத் தாண்டியிருக்கும். வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டலாகாது என்பது ஐக்கிய நாடுகளின் 39ஆம் ஒழுங்குவிதி. அதனால் உற்பத்தியாளர் அதனைச் சற்றுக் கூட்டிக் காட்டுமாறு அமைப்பதுண்டு. பெரிய ரயர் அந்தக் காப்பையும் விழுங்கிவிடும்.

தண்டப்பணத்தினும் பெரிது உயிர். பிறேக் பிடித்தபின் வாகனம் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் 6.6 வீதம் கூடினால் அத்தூரம் 13 வீதத்துக்கு மேல் நீளும். அளவில் பெரிய ரயர், முழுமையாகத் திருப்பும்போது உடற்பகுதியில் உரசவும் கூடும். சிறிய ரயரோ வேகத்தைக் கூட்டிக் காட்டும். அதன் சுமைதாங்கும் திறன் குறைவாயின் வெடிக்கும் அபாயமும் உண்டு.

அளவை மாற்றவே கூடாதா? மாற்றலாம், முழு விட்டம் மாறாதிருத்தல் வேண்டும். 195/65 ஆர் 15க்கும் 205/55 ஆர் 16க்கும் விட்ட வேறுபாடு அரை வீதத்துக்கும் குறைவே. எனினும் உற்பத்தியாளர் அனுமதித்த அளவுதானா என்பதை வாகனக் கையேட்டிற் பார்த்தல் வேண்டும். சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் குறையலாகாது. ஒரே அச்சில் இருவேறு அளவுகள் பூட்டுதல் தவறு.

மலிவாகக் கிடைத்தது, நண்பர் தந்தது என்று ரயரைப் பூட்டுமுன், பக்கத்திற் பொறித்த எண்களை ஒருமுறை வாசிப்போம். வார இறுதியில் தமிழ் வகுப்புக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அவ்வாகனத்தின் பின்னிருக்கையில்தானே அமர்ந்திருக்கின்றார்கள்!